சம்பந்தி வீட்டு நெய்

அன்பு மகள் வசந்தாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு நலம், அங்கு நலமறிய அவா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை நின்றுவிட்டது. நான் நலமா இல்லையா என்பதை வைத்துத்தான் இத்தனை ரகளையும் நடந்துகொண்டிருக்கிறது. அதை முதல் வரியிலேயே எப்படி முடித்துவைப்பது? விழுப்புரத்திலிருந்து நீ போட்ட கார்டு வந்தது. கவரில் போடாமல் கார்டில் எழுதிவிட்டாய். போஸ்ட்மேன் படித்துவிட்டு, கொடுக்கும்போது என் முகத்தை ஒரு தினுசாகப் பார்த்தார். "அப்பா, உங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லையா? பிடித்திருந்தால் ஏன் அவர்கள் வீட்டில் கை நனைக்காமல் எழுந்து வந்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறாய். முதல் கேள்விக்குப் பதில் சின்னது. பிடித்திருக்கிறது. ரயில்வே ஆபீஸில் உத்தியோகம், வாயில் சிகரெட் வாசனை இல்லை, கல்யாணத்துக்கு அப்புறமும் பெண் டீச்சர் வேலைக்குப் போகலாம் என்று தன் வாயாலேயே சொன்ன பையன். படித்த படிப்பை அடுப்பில் போடச் சொல்லாத வீடு இன்னொன்று நான் எங்கே போய்த் தேடுவேன்? இரண்டாவது கேள்விக்குத்தான் இத்தனை காகிதமும். நேற்று அவர்கள் வீட்டுக்கு மறுபடியும் போய்விட்டு வந்தேன். உன் ஹாஸ்டல் பக்கம் வராமலே பஸ் ஏறிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. உன் முகத்தைப் பார்த்தால் பாதியை விழுங்கிவிடுவேன். எழுதினால் முழுசும் வரும்.

உன் அப்பன் நெய் வியாபாரி. ஓமந்தூர்ப் பக்கம் வீடு வீடாக வெண்ணெய் வாங்கி, தலையில் வைத்துத் திண்டிவனத்துக்கு நடந்தே கொண்டுவந்து, உருக்கி விற்றவன். அப்போது எனக்கு வயிறு என்று ஒன்று இருந்ததே தெரியாது. கடை வந்தது, கல்லாப்பெட்டி வந்தது, வில்வண்டி வந்தது, கூடவே தொந்தியும் வந்தது. அந்தத் தொந்தியை நான் மறைத்ததில்லை. நெய்க்கடைக்காரன் ஒல்லியாக இருந்தால் சரக்கின் மேல் சந்தேகம் வரும். "மொதலாளியப் பாத்தாலே நெய்யி எப்டின்னு தெரியுதே" என்று சொல்லி டின்னை எடுத்துப் போன ஓட்டல்காரர்கள் உண்டு. கடைக்கு மேலே தொங்குகிற போர்டைவிட அது எனக்கு அதிகம் வியாபாரம் பிடித்துக் கொடுத்தது. காலையில் இட்லிக்கு நெய், மத்தியானம் பருப்புக்கு நெய், சாயந்திரம் கடைத்தெரு வடை, ராத்திரி ஆட்டுக்கறி, அதற்கு மேல் ஒரு சுருட்டு. வண்டியில் ஏறி உட்கார்ந்து, கடையில் இறங்கி உட்கார்ந்து, மறுபடி வண்டியில் ஏறி உட்கார்ந்து வீட்டுக்கு வருவேன். பெரிய மனுஷன் ஆவது என்றால் காலைத் தரையில் வைக்காமல் இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னை ஹாஸ்டலில் விட வந்தபோது விழுப்புரம் ஜங்ஷனில் பாலம் ஏறினோமே, ஞாபகம் இருக்கிறதா? பாதிப் படியில் நின்று, "நீ போம்மா, பின்னாடியே வர்றேன்" என்றேன். நீ திரும்பி வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாய். நெஞ்சின் மேல் நிறைந்த டின்னை வைத்து யாரோ அழுத்துகிறாற்போல இருந்தது. இடது தோள் வரைக்கும் இழுத்தது. நீ ஓடிப்போய் சோடா வாங்கி வந்தாய். வாயுப் பிடிப்பு என்றேன், நம்பிவிட்டாய். நானும் நம்பத்தான் பார்த்தேன். பெருங்காயம் கரைத்துக் குடித்தேன், ஓமம் மென்றேன். அதற்கப்புறம் கடை மேல்மாடிப் படியிலும் அதே டின் வந்து உட்கார்ந்தது. என் அப்பா, உன் தாத்தா, வைக்கோல் கட்டை இறக்கிவைத்துவிட்டு மாரைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஊர் அதைக் காற்று அடித்துவிட்டது என்றது. எனக்கு அந்த ஞாபகம் வந்த அன்றைக்கே, டின் வாங்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறினேன்.

அங்கே ஒரு பெரிய டாக்டர். கையில் கருப்புப் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தார், மாரில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்தார், ரத்தத்தை வாங்கிக்கொண்டு மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் போய் நின்றால், "கொலஸ்ட்ரால்னு ஒண்ணு இருக்கு. தமிழ்ல சொன்னா, உங்க ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "எங்கப்பாரும் உயிரோட இருந்த வரைக்கும் இதையேதாங்க சொல்லிக்கினு இருந்தாரு" என்றேன். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "என்ன தொழில் பண்றீங்க?"

"நெய் யாவாரங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நெய் உருக்குற எடத்துல ஜலதாரை அடைச்சிக்குமா இல்லியா?"

"அடைச்சிக்கும். அப்பப்ப கம்பி வுட்டுக் குத்துவோம்."

"நெஞ்சுக்குள்ள கம்பி வுட்டுக் குத்த முடியாதே. அடைக்காமப் பாத்துக்கிறதுதான் வழி."

நான் வியாபாரி, முதல் விலையில் எதையும் வாங்கிப் பழக்கமில்லை. "காசு எவ்ளோ ஆனாலும் பரவால்லீங்க, நல்ல ஊசியாப் பாத்துப் போட்டுடுங்க" என்றேன். ஊசி கிடையாது என்றார். வாயைக் கட்ட வேண்டும், தினமும் வேர்க்க நடக்க வேண்டும், சுருட்டை அன்றைக்கே விட வேண்டும், கோபப்படக் கூடாது, நேரத்துக்குத் தூங்க வேண்டும். "அதுக்கு நான் சாமியாராவே போயிடலாமேங்க?" என்று கேட்டேன். "நான் பாத்த சாமியாருங்க எல்லாம் உங்களைவிட நெய் ஜாஸ்தி சாப்பிடுறாங்க" என்றார். பிறகு ஒரு சீட்டை எடுத்து, நெய், வெண்ணெய், வனஸ்பதி, தேங்காய்ப்பால், முட்டையின் மஞ்சள், கொழுப்புள்ள கறி, எண்ணெயில் பொரித்தது எல்லாவற்றையும் எழுதிக் குறுக்கே கோடு போட்டார். தாளிக்க மட்டும் கடலை எண்ணெய், நம்ம மல்லாட்டை எண்ணெய்தான், அதுவும் கையை இறுக்கிப் பிடித்து. சாப்பிடச் சொன்னது கேப்பைக் கூழ், களி, கொள்ளு, கீரை, காய், வெண்ணெய் எடுத்த மோர். எந்தச் சாப்பாட்டிலிருந்து தப்பித்து ஓடுவதற்காக நான் இத்தனை வருஷம் டின் டின்னாக நெய் விற்றேனோ, அதே சாப்பாட்டுக்கு என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கு ஃபீஸும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அம்மா நோயைக் கேட்டு அழவில்லை, கூழைக் கேட்டு அழுதாள். "இந்த வூட்ல கேப்பை வாசனை வராதுன்னு சொல்லித்தானே என்னை இந்தப் புது வூட்டுக்குக் கூட்டிக்கினு வந்தீங்க? நெய்க்கடைக்காரரு வூட்ல கூழு காய்ச்சுறாங்கன்னா எதிர்வூட்டுக்காரி இன்னா நினைப்பா?" என்றாள். நீ சின்னக் குழந்தையாக இருந்தபோது அவள் இரண்டு வேளையும் கூழ் குடித்துவிட்டு, யாராவது வந்தால் சட்டியைக் கோணிக்கு அடியில் தள்ளியவள். அந்த வெட்கம் அவளுக்குப் போகவில்லை. இன்றைக்கும் களி கிண்டும்போது சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கிண்டுகிறாள். ஆனால் கிண்டுகிறாள். தேங்காய் அரைக்காமல் பூண்டும் மிளகும் தட்டிப்போட்டுக் கொள்ளு ரசம் வைக்க அவளாகவே கற்றுக்கொண்டாள். முதல் வாரம் நாக்கு செத்துப்போன மாதிரி இருந்தது. அப்புறம் ஒருநாள் முருங்கைக் கீரையில் உப்பும் சின்ன வெங்காயமும் தனித்தனியாக நாக்குக்குத் தெரிந்தது. நெய் எல்லாவற்றின் மேலும் ஒரே போர்வையைப் போர்த்திவிடும் என்று அப்போதுதான் புரிந்தது. இதை என் கடையில் உட்கார்ந்து நான் யாரிடம் சொல்ல முடியும்?

நடப்பது இன்னும் பேஜாரு. வெண்ணெய்க் கூடையோடு நடந்தபோது ஒருத்தரும் ஏன் நடக்கிறாய் என்று கேட்டதில்லை. வெறுங்கையோடு ஏரிக்கரைப் பக்கம் விடியற்காலையில் வேகமாக நடந்தால், "இன்னா மொதலாளி, மாட்டுக்கு உடம்பு செரியில்லியா?" என்கிறான் டீக்கடைக்காரன். மறுநாள், "வண்டிய வித்துட்டீங்களாமே?" காரணமில்லாமல் நடப்பவனை நம் ஊர் ஒத்துக்கொள்ளாது. அதனால் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு ஈஸ்வரன் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏரிக்கரைக்குப் போனேன். ஊர் உடனே ஒத்துக்கொண்டது. அடுத்த மாதமே கும்பாபிஷேகக் கமிட்டி கடைக்கு வந்து, பக்திமான் நீங்கள்தான் தலைவராக இருக்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டது. எதிலிருந்து கழன்றுகொள்ளப் பார்த்தாலும் இன்னொன்று வந்து மாட்டுகிறது. ஆனாலும் நடையை விடவில்லை. முதலில் ஏரிக்கரையில் மதகு வரைக்கும் போய் இளைத்துக்கொண்டு திரும்புவேன். இப்போது பேசிக்கொண்டே முழுக் கரையும் போய்வருகிறேன். ஒரே நாளில் ஓடிப் பார்க்காதே, நேற்றைவிடக் கொஞ்சம் கூட நடந்தால் போதும். உன் மாப்பிள்ளைக்கும் இதைச் சொல். நாற்காலி உத்தியோகமும் கல்லாப்பெட்டி உத்தியோகமும் உடம்புக்கு ஒன்றுதான்.

கோபத்தைப் பற்றி உனக்குச் சொல்லவே வேண்டாம், நீ என் மகள். கட்டுக்கடங்காத கோபம் வரும்போது நெஞ்சில் டின் வந்து உட்காருவதை என் கண்ணாலேயே பார்த்தேன் என்று சொல்லலாம். டாக்டர் சொன்னபடி, கோபம் வந்தால் பதில் சொல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து, "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று சொல்லப் பழகினேன். ஆச்சரியம் என்னவென்றால், எதிராளி ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு மறுநாள் அவனாகவே இறங்கி வருகிறான். சத்தம் போட்டு வாங்கியதைவிடப் பேசாமல் இருந்து வாங்கியது அதிகம். இத்தனை வருஷம் எதற்குத்தான் கத்தினேனோ. சுருட்டை விட்டதும் தூக்கம் தானாக வந்தது. சில மாதம் கழித்து மெட்ராஸ் டாக்டர் மறுபடி ரத்தம் பார்த்து, குறைந்திருக்கிறது, இப்படியே போங்கள், விட்டால் பழையபடி ஏறும் என்றார். திரும்பி வரும்போது விழுப்புரத்தில் வேண்டுமென்றே இறங்கி அந்தப் பாலத்தை ஏறினேன். மூச்சு வாங்கியது, டின் வரவில்லை.

ஆனால் என் தொழிலில் நாக்குதான் தராசு. மண்டகப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற வெண்ணெயானாலும் உருக்கிய நெய்யானாலும், புறங்கையில் தேய்த்து முகர்ந்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம், விற்கிறோம். வாங்க வருகிறவன் முன்னால் நானே ஒரு விரல் எடுத்து நக்கிக் காட்ட வேண்டும். அதை இப்போது நக்கிவிட்டுத் துப்புகிறேன். கொல்லைப் பக்கம் போய்த்தான் துப்புகிறேன். நெய்க்காரன் நெய்யைத் துப்பினான் என்று ஒருத்தன் பார்த்தால் போதும், வனஸ்பதி கலக்கிறான் என்று விடிவதற்குள் பாண்டிச்சேரி வரைக்கும் போய்விடும். இந்த நிலைமையில்தான் உன் சம்பந்தம் பேச விழுப்புரம் போனேன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். அவர்களுக்கு ஜவுளிக்கடை, கௌரவமான மனுஷர்கள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். பேச்சு முடிகிற வரைக்கும் பெண் வீட்டார் பிள்ளை வீட்டில் பச்சைத் தண்ணீர்தான் குடிப்பார்கள். பேச்சு முடிந்து, உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்றுவிட்டால், கை நனைத்துவிட்டால், சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பேச்சு நல்லபடியாகத்தான் முடிந்தது. இலை போட்டார்கள். உன் மாமியாராகப் போகிறவர் பருப்பை வைத்துவிட்டு, பெரிய கரண்டி நிறைய நெய்யோடு குனிந்தார். "உங்க கடை நெய்தாங்க. திண்டிவனத்துக்கு ஆளனுப்பி வாங்கியாந்தோம்" என்றார். எவ்வளவு மரியாதை பார். என் கை போய் இலையை மூடிக்கொண்டது. நான் யோசித்து மூடவில்லை. மாதக்கணக்காகப் பழகிய கை, தானாகப் போய்விட்டது. எல்லோரும் கையைப் பார்த்தார்கள். உடம்பு சரியில்லை என்று சொன்னால் பெண் வீட்டில் சீக்கு என்றாகும். பிடிக்காது என்று சொன்னால் என் நெய்யை நானே குறை சொன்னதாகும். வாயில் வந்ததைச் சொன்னேன்: "இன்னைக்கு விரதங்க."

சொன்ன பிறகுதான் அதன் விபரீதம் தெரிந்தது. விரதக்காரன் நெய்யை மட்டும் எப்படி விடுவான்? சோற்றையும் விட வேண்டும். அப்படியே எழுந்தேன், கை நனையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தரகர் என் காதில், "புதன்கெழமையில இன்னா விரதங்க?" என்று கேட்டார். அவருக்கே தெரியாத விரதம்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தரகரே கடைக்கு வந்து, சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு நின்றார். "அங்க ரெண்டு விதமாப் பேசிக்கிறாங்க" என்றார். "ஒண்ணு, பெரிய எடம் எதுவோ பாத்துட்டாரு, பொண்ணு குடுக்க மனசில்ல, கொழுப்பு, அதான் எலையில கைய வச்சு எழுந்துட்டாருன்னு."

"இன்னொண்ணு?"

"அத வுடுங்க."

"சொல்லுய்யா."

"உங்க நெய்ய நீங்களே தொடலியாம். அப்ப அதுல இன்னா கலந்துக்கினு கீறாருன்னு கேக்குறாங்க."

அவர் போன பிறகு நான் கல்லாப்பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தின்றால் ரத்தத்தில் கொழுப்பு, தின்னாவிட்டால் உடம்பெல்லாம் கொழுப்பு. அந்த வாரமே ஒரு ஓட்டல்காரர் டின்னைத் திறந்து மூன்று தரம் முகர்ந்துவிட்டு, "இருக்கட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று போய்விட்டார். உன் அம்மா, "ஒரு கரண்டி நெய்தானே? மகளுக்காவ போயி ஊத்திக்கினு சாப்ட்டு வாங்க. ஒரு கரண்டியில உசுரு பூடுமா?" என்றாள். போகாது. எனக்கும் தெரியும். ஆனால் முதலில் கொடுக்கிற தள்ளுபடிதான் அப்புறம் விலையாக நின்றுவிடும் என்பது வியாபாரிக்குத் தெரியும். அங்கே ஒரு கரண்டி, கல்யாணத்தில் ஒரு கரண்டி, மறுவீட்டில் ஒன்று, ஆடிக்கு, தீபாவளிக்கு, அப்புறம் நெய்க்கார சம்பந்தி வந்தால் நெய் வழியத்தான் போட வேண்டும் என்று ஊர் முழுக்க வழக்கமாகிவிடும். இன்னொரு கணக்கும் உண்டு. அப்பன் உயிரோடு இருக்கிற பெண்ணுக்கும் இல்லாத பெண்ணுக்கும் மாமியார் வீட்டில் கிடைக்கிற மரியாதை ஒன்றல்ல. ஆடிக்கு அழைக்க ஆள் வர வேண்டும், உனக்கு ஒன்றென்றால் ராத்திரி வண்டி பிடித்து வந்து நிற்க ஆள் வேண்டும். உனக்கு அண்ணன் தம்பி இல்லை. நான் உடம்பைப் பார்த்துக்கொள்வது எனக்காக மட்டும் என்று நினைக்காதே.

உன் கார்டு வந்ததும், தரகரைக் கூட்டிக்கொள்ளாமல், நேற்று மத்தியானம் நான் மட்டும் போனேன். உன் மாமனார் எழுந்து வரவேற்றார். உட்காரச் சொல்லிவிட்டு, "இன்னைக்கு இன்னா விரதங்க?" என்றார். அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டேன்.

"இன்னைக்கும் இல்லீங்க, அன்னைக்கும் இல்லீங்க. பொய் சொன்னேன்" என்றேன். நெஞ்சு வலித்ததிலிருந்து டாக்டர் சீட்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். உன் மாமியார் கதவோரம் நின்றபடி, "ரத்தத்துல கொழுப்பா? அப்டின்னு கூட ஒரு சீக்கு கீதா?" என்றார். ஒட்டுவாரொட்டி இல்லை, தொட்டால் வராது என்று அவருக்குத் தெளிவாகச் சொன்னேன். அப்போது உன் மாமனார் நான் பயந்த கேள்வியைக் கேட்டார். "வம்சத்துல வருமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். விரதப் பொய் ஒன்றே என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. "வரலாமுங்க. எங்கப்பாருக்கும் இதுதான்னு நினைக்கிறேன். பொண்ணுக்கு வரலாம், வராமலும் போகலாம். வாயையும் காலையும் பாத்துக்கினா தள்ளிப் போவும்னு டாக்டர் சொன்னாரு" என்றேன். உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். மாப்பிள்ளை ஆபீஸில் இருந்தார், வீட்டில் வேறு யாரும் இல்லை. சுவரோரம் அடுக்கியிருந்த வேட்டிக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே குரல் ஏறும், இறங்கும். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போனால் உனக்கு என்ன பதில் சொல்வேன்?

வெளியே வந்ததும் உன் மாமியார்தான் பேசினார். "சம்பந்தம் வோணாம்னு சொல்லலீங்க. மறைக்காம சொன்னீங்களே, அந்த மட்டும் சந்தோஷம். ஆனா எங்களுக்கு இன்னொரு பொண்ணு கீறா. சீக்குக்காரரு வூட்ல பொண்ணு எடுத்தாங்கன்னு பேச்சு வந்தா அவளுக்கு யாரு வருவாங்க? இது இந்த வாசப்படியத் தாண்டக் கூடாது. கல்யாணத்துல மொதப் பந்தியில உக்காந்து, ஊர் பாக்க நெய் ஊத்திக்கினு சாப்டுங்க. எங்க பேச்சும் அடங்கும், உங்க கடைப் பேச்சும் அடங்கும்." உன் மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை வசந்தா. எனக்கு ஒரு பெண், அவர்களுக்கும் ஒரு பெண். அந்த இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். சரி என்றேன்.

உடனே இலை போட்டார்கள். "கொஞ்சமா" என்றேன். கல்யாணப் பந்திக்கு ஒத்திகை மாதிரி உன் மாமியார் இரண்டு கரண்டி நெய் ஊற்றினார். பிசைந்து தின்றேன். நேற்று மத்தியானம் உன் சம்பந்தம் முடிந்தது. உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: அந்த நெய் ருசியாக இருந்தது. இத்தனை மாதம் களியும் கீரையும் தின்று பழகிவிட்டேன் என்று நினைத்தேன். முதல் கவளத்திலேயே நாக்கு பழைய எஜமானைக் கண்ட நாய் மாதிரி வாலை ஆட்டியது. இரண்டாவது முறை அவர் கரண்டியோடு வந்தபோது என் கை இலையை மூடப் போகவில்லை. எனக்குப் பயம் வந்தது அந்த நேரத்தில்தான்.

இந்த நடிப்பெல்லாம் வேண்டாம், சம்பந்தமே வேண்டாம் என்று நீ எழுதலாம். எழுதாதே. நல்ல பையன், உன்னை வேலைக்கு அனுப்புகிற வீடு. ஆனால் அந்த வீட்டு அடுப்படி கொஞ்ச நாளில் உன் கைக்கு வரும். போன உடனே இதைக் குறை, அதை நிறுத்து என்று மாமியாரிடம் சொல்லாதே; டீச்சர் வந்துவிட்டாள் என்பார்கள். நெய்யோ எண்ணெயோ ஊற்றும்போது உன் கை அளவைக் குறைத்துக்கொள். தேங்காய் அரைக்கிற குழம்பை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கு. வாரத்தில் இரண்டு நாள் கொள்ளு, தினமும் ஒரு கீரை. பொரித்த எண்ணெயை மறுபடி குழம்பில் ஊற்றாதே. மாப்பிள்ளை ஆபீஸுக்கு சைக்கிளில் போகாமல் நடந்து போகட்டும், சாயந்திரம் அவரைக் கடைத்தெரு வரைக்கும் உன்னோடு நடத்திக் கூட்டிக்கொண்டு போ. புதுப் பெண்டாட்டி கூப்பிட்டால் வருவார். ஒரு வருஷம் போனால் வர மாட்டார், அதற்குள் பழக்கிவிடு. உனக்கும் முப்பது வயதுக்கு மேல் ஒரு தரம் ரத்தம் பார்த்துக்கொள். வம்சத்தில் வருவதை நான் உனக்குக் கொடுத்துவிட்டேனோ என்னவோ, அதைத் தள்ளிப்போடுகிற வழியையாவது சேர்த்துக் கொடுக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கல்யாணத்தன்று நீ மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாய். அன்றைக்கு எனக்கு யார் ஊற்றினாலும் நான் தின்றாக வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் உன் வீட்டுக்கு நான் வருகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு நீதான் பரிமாற வேண்டும். மாமியார் கரண்டியை எடுத்தால், "எங்கப்பாவுக்கு நான் போடுறேன் அத்தே" என்று வாங்கிக்கொள். எல்லோரும் பார்க்கக் கரண்டியை நெய்ச் சட்டிக்குள் விட்டு, உள்ளேயே கவிழ்த்துவிட்டு, வெறும் கரண்டியை என் இலைக்கு மேல் சாய்த்துவிட்டு நகர்ந்து போ. நான் பருப்பையும் சோற்றையும் நன்றாகப் பிசைந்து வாயில் வைத்து, "நெய்யி கமகமன்னு இருக்குதும்மா" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுவேன்.

அப்பா